ஒன்றும் வீணாகாதபடி

ஐயாயிரம் பேர் வயிறார உண்டபின் இயேசு தம் சீடருக்கு இட்ட பணி சிந்திக்கத்தக்கது. எஞ்சிய துண்டுகள் எதுவும் வீணாகாதபடி அவற்றைச் சேர்த்து வைக்குமாறு அவர் பணித்தார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன (யோவான் 6:12-13). ஐந்து அப்பங்களைப் பலுகச் செய்தவருக்கு எஞ்சிய துண்டுகள் எதற்கு? கொடையை மதிக்க வேண்டும் என்பதையே அவர் அன்று கற்பித்தார்.

இப்பாடம் இன்று மிகவும் தேவைப்படும் இடங்களுள் ஒன்று நமது வேலைத்தலமாகும். வீட்டில் மின்கட்டணத்துக்கு அஞ்சி விளக்கை அணைக்கும் இளைஞர், காரியாலயத்தில் ஆளில்லாத அறையில் குளிரூட்டியை இயங்கவிட்டுச் செல்கின்றார். ஓர் எழுத்துப் பிழைக்காகப் பத்துப் பக்கங்களை மீண்டும் அச்சிடுகின்றார். மதிய உணவுப் பொதியின் உறையும் மீந்த சோறும் ஒன்றாகக் குப்பைக்கூடைக்குள் விழுகின்றன. ‘செலவு கம்பனியுடையதுதானே’ என்பதே நாம் சொல்லும் சமாதானம். ஆனால், பிறருக்குரியதில் நம்பிக்கைக்குரியவராய் இராதவருக்கு அவருக்குரியதை யார்தான் கொடுப்பார் என ஆண்டவர் வினவுகின்றார் (லூக்கா 16:12).

செலவு கம்பனியோடு முடிவதுமில்லை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, கொழும்பு நகரின் கழிவுகள் மலையெனக் குவிக்கப்பட்டிருந்த மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று சித்திரைப் புத்தாண்டு; நமக்கோ பெரிய வெள்ளி. நகரின் வீடுகளும் கடைகளும் காரியாலயங்களும் வீசியெறிந்தவை, அம்மேட்டின் அடியில் வாழ்ந்த எளியோரின் கூரைகள் மீது விழுந்தன. அதே ஆண்டு செப்டெம்பரில் உணவு பொதியிடும் பொலித்தீன் தாள்கள் தடைசெய்யப்பட்டன. சட்டம் வந்துவிட்டது; மனம் மாறுவது நம் பொறுப்பு.

இளையோரைக் குறைகூறுவது எளிது. அவர்கள் யாரிடம் கற்றனர்? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மூத்தோர் செய்வதைப் பார்த்து அவர்கள் பழகிக்கொள்கின்றனர். மின்னாளிக்கு மேல் அறிவித்தல் ஒட்டிவிட்டு, கூட்டத்துக்குக் கூட்டம் பிளாஸ்டிக் போத்தல்களில் தண்ணீர் பரிமாறும் மேலாளரின் சொல் எடுபடாது. தம் உணவுப் பெட்டியைத் தாமே கொண்டுவந்து, தாளின் இருபுறமும் அச்சிட்டு, இறுதியாக வெளியேறும்போது விளக்கை அணைக்கும் ஒரு மூத்த ஊழியர் போதும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலில் (எண் 211), இத்தகைய சிறு செயல்களையே படைப்பைப் பேணும் வழிகளாக எடுத்துரைத்தார்.

2022இல் மின்வெட்டையும் எரிபொருள் வரிசையையும் கண்ட தலைமுறை இது. சிக்கனம் அவர்களுக்குப் புதிதன்று. ஆயினும் பற்றாக்குறை கற்பித்த சிக்கனம் பற்றாக்குறையோடு மறைந்துவிடும். நன்றியுணர்வு கற்பித்ததே நிலைக்கும். துண்டுகள் சேர்க்கப்பட்டது பசியின் வேளையில் அன்று, அனைவரும் நிறைவடைந்த பின்னரே அல்லவா?

முதல் வேலைக்குப் புறப்படும் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு அனுப்பும் பெற்றோரே, அன்று அவர் கையில் ஓர் உணவுப் பெட்டியையும் கொடுத்தனுப்புங்கள். பிறர் பொருளையும் இறைவனின் கொடையாகக் கருதும் உள்ளத்தை அவருக்குத் தந்தருளுமாறு ஆண்டவரை மன்றாடுவோம்.