பெயர்ப் பலகையில் உள்ள வருடத்துக்கு ஆதாரம் எங்கே?

முகத்துவாரத்தில் உள்ள எமது கடையின் பெயர்ப் பலகையில் 'ஸ்தாபிதம் 1921' என்று எழுதியிருக்கிறது. "இந்த வருடம் சரியென்று உங்களுக்கு எப்படித் தெரியும் வாப்பா?" என்று அண்மையில் என் மகன் கேட்டான். "எங்கள் வாப்பா சொன்னார்" என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இருக்கவில்லை. கடையைத் திருத்திக் கட்டியபோது பழைய கணக்குப் புத்தகங்களையும் பில் கட்டுகளையும் பழைய பேப்பர்காரருக்கு நிறுத்துக் கொடுத்தவன் நானேதான்.

ஆதாரம் தேடப் புறப்பட்டபோதுதான் பழைய வர்த்தக விபரக்கொத்துகளைப் பற்றி அறிந்துகொண்டேன். 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகையை நடத்திய பெர்குசன் குடும்பத்தினர் 19ஆம் நூற்றாண்டிலேயே இலங்கை விபரக்கொத்தை வெளியிடத் தொடங்கினர். பிற்காலத்தில் லேக் ஹவுஸ் நிறுவனமும் அதனை வெளியிட்டது. வர்த்தக நிறுவனங்கள், தோட்டங்கள், உத்தியோகத்தர்கள் பற்றிய விபரங்கள் அதில் உள்ளன. 1907இல் லண்டனில் ஆர்னல்ட் ரைட் பதிப்பித்த இலங்கை பற்றிய பெரிய நூலிலும் எமது மாணிக்க வியாபாரிகள், கட்டட ஒப்பந்தக்காரர்கள் சிலரின் வரலாறு இருக்கிறது. இத்தகைய நூல்களைத் தேடுவோர் கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் நூதனசாலை நூலகத்திலும் ஆரம்பிக்கலாம்.

தேடுபவர்கள் மூன்று விடயங்களை மனதிற்கொள்ள வேண்டும். முதலாவது, பெயர். மரைக்கார் என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதப்பட்டது. புறக்கோட்டையில் 'காவன்னா மூனா' என்று அறியப்பட்ட கடை, ஆங்கிலத்தில் வேறு எழுத்தின் கீழ் இருக்கக்கூடும். இரண்டாவது, தெரு. கொட்டாஞ்சேனையின் பாபர் வீதி இன்று மகா வித்தியாலய மாவத்தை. பழைய பெயர் தெரியாதவர் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவார். மூன்றாவது, வருடம். ஒரே ஒரு வருடத்துப் புத்தகத்தோடு நிறுத்திவிடக் கூடாது. 1915 கலவரத்தில் எம்மவரின் எத்தனையோ கடைகள் சூறையாடப்பட்டன. அதற்கு முந்திய, பிந்திய வருடங்களை ஒப்பிட்டால் எவர் இடம் மாறினார், எவர் மீண்டும் எழுந்தார் என்பதற்கு ஒரு தடயமாவது கிடைக்கலாம்.

என் பாட்டனாரின் கடை எனக்குக் கிடைக்கவில்லை. ஆரம்பத்தில் மனம் சோர்ந்தது. பின்னர் ஓர் உண்மை புரிந்தது. இந்த விபரக்கொத்துகள் ஆங்கிலத்தில், ஐரோப்பியக் கம்பனிகளையும் தோட்டங்களையும் முன்வைத்துத் தயாரிக்கப்பட்டவை. எம்மவரில் பெரும் புள்ளிகள் அதில் இடம்பிடித்தனர். ஒற்றைக் கதவுக் கடை வைத்திருந்தவரைத் தேடி எவரும் வரவில்லை. ஆகவே, புத்தகத்தில் பெயர் இல்லை என்பதால் கடையே இருக்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு எமக்குரியது. அந்தப் பொறுப்பை நாம் பழைய பேப்பர் விலைக்கு விற்றுவிட்டோம்.

இது வெறும் குடும்பப் பெருமை சம்பந்தப்பட்ட விடயமல்ல. ஒரே வியாபாரப் பெயருக்கு இருவர் உரிமை கோரினால், முதலில் பாவித்தவர் யார் என்ற கேள்வி எழும். சகோதரர்கள் பாகம் பிரியும்போது, கடையை ஆரம்பித்தவர் யார், முதல் போட்டவர் யார் என்று கேட்கப்படும். அப்போது வாய்ப் பேச்சை விட ஒரு பழைய கடிதத் தலைப்புக்குப் பெறுமதி அதிகம்.

வியாபாரப் பெயர்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1918இலேயே வந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய பதிவுச் சான்றிதழ் ஒன்று கிடக்கலாம். அத்தோடு வாடகைப் பற்றுச்சீட்டு, பழைய பில், கடை முன்னால் எடுத்த புகைப்படம் ஆகியவற்றையும் தேடி எடுங்கள். கைத்தொலைபேசியில் படம் பிடித்து, வருடத்தையும் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எமது வர்த்தக சங்கங்கள் வருடந்தோறும் கூட்டம் நடத்துகின்றன, மலர் வெளியிடுகின்றன. அம்மலரில் வாழ்த்துச் செய்திகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியை அங்கத்தவர் விபரத்துக்கு ஒதுக்கினால் என்ன? கடையின் பெயர், தெரு, ஆரம்பித்தவர், வருடம், இன்றைய உரிமையாளர் என ஐந்து வரிகள் போதும். பெட்டிக்கடைக்காரரும் அதில் இருக்க வேண்டும்.

நூறு வருடங்களுக்குப் பின் ஒரு பேரன் தேடி வரும்போது, அவனுக்கும் "வாப்பா சொன்னார்" என்பது மட்டும் மிஞ்சக் கூடாது.