பேக்ஸ்பேஸுக்குக் கணக்கு உண்டா?

கேரள பிஎஸ்சியின் டைப்பிஸ்ட் அறிவிக்கைகளில் தவறாமல் வரும் நிபந்தனை ஒன்று: 2002 ஜனவரிக்கு முன் கேஜிடிஇ (கேரள அரசுத் தொழில்நுட்பத் தேர்வு) தட்டச்சு தேறியவர்கள், கம்ப்யூட்டர் வேர்ட் பிராசஸிங்குக்குத் தனிச் சான்றிதழ் காட்ட வேண்டும். பழைய லோயர், ஹையர் சான்றிதழின் மதிப்பைக் குறைக்கும் இந்த நிபந்தனையில் பயிற்றுநர்களான நம் நிலை என்ன என்று கொச்சி வைட்டிலா வட்டாரத் தட்டச்சுப் பயிலகத்தார் கேட்கிறார்கள்.

நிபந்தனை நியாயமானதே. அலுவலகங்களில் தட்டச்சு மெஷின் ஏறக்குறைய மறைந்துவிட்டது. கோத்ரெஜ் அதன் உற்பத்தியை நிறுத்தியும் வெகுகாலம் ஆகிவிட்டது. இதை எதிர்க்க நம்மிடம் காரணம் இல்லை.

கேட்க வேண்டியது வேறு. மெஷினில் தாளம் பிசகினால் இரண்டு டைப்பார் (எழுத்துக் கம்பி) மோதிச் சிக்கும், கை நின்றுவிடும். விழுந்த தப்பு தாளிலேயே கிடக்கும். அந்தப் பயம்தான் விரலைப் பழக்கியது. கம்ப்யூட்டரில் தப்பு வந்த சுவடே தெரியாமல் அழிந்துவிடுகிறது, நேரம் மட்டும் திரும்பி வருவதில்லை. மூன்று எழுத்து கடந்தபின் தப்பு கண்ணில் பட்டால் நான்கு பேக்ஸ்பேஸ், மறுபடி நான்கு எழுத்து: எட்டு விசையடி வீண். மத்தியப் பணியாளர் தேர்வாணையமான எஸ்எஸ்சி கேட்கும் நிமிடத்துக்கு 35 சொல் வேகம் மணிக்கு 10,500 அடி, நொடிக்கு மூன்றுகூட இல்லை. ஒரு திருத்தத்துக்கு ஏறக்குறைய மூன்று நொடி போகிறது. நிமிடத்துக்கு இரண்டு முறை திருத்துகிற மாணவர் 35 எடுக்க, 38 வேகத்தில் ஓட வேண்டும்.

ஆகவே பயிற்சியின் முதல் பத்து நிமிடம் பேக்ஸ்பேஸைத் தொடவிடாதீர்கள். தப்பில்லாமல் அடிக்க முடிகிற வேகம் எதுவோ அதில் நிறுத்தி, அது கைவந்தபின் இரண்டு மூன்று சொல்லாக ஏற்றுங்கள். தப்புகளை விரல்வாரியாகக் குறியுங்கள். மோதிர விரலும் சுண்டு விரலும்தான் பெரும்பாலும் மாட்டும். அந்த விரலுக்கு மட்டும் தனிப் பயிற்சி கொடுங்கள். முழுப் பத்தியைத் திரும்பத் திரும்ப அடிக்க வைத்தால் தப்பும் சேர்ந்தே பழகிவிடும்.

இதை நாம் வகுப்பில் செய்யலாம். தேர்வை வடிவமைப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? இறுதியில் திரையில் நிற்கும் வரிகளை மட்டும் மதிப்பிட்டால், ஒரே சீராக அடித்தவரும் அழித்து அழித்து ஒப்பேற்றியவரும் ஒரே மதிப்பெண் வாங்குவார்கள். ஒவ்வொரு விசையையும் பதிவு செய்யக்கூடிய இயந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பேக்ஸ்பேஸை எண்ணாமல் விடுவது என்ன நியாயம்? முப்பது வருடமாக விரல்களைப் பார்த்துக்கொண்டே நிற்கும் பயிற்றுநரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? தமிழ்நாட்டில் 2022-இல் தட்டச்சுத் தேர்வுத் தாள்களின் வரிசையை மாற்றிய விவகாரம்கூட உயர் நீதிமன்றம்வரை போனது. முன்கூட்டியே பயிலகங்களைக் கலந்து பேசியிருந்தால் வழக்கே வந்திராது.

தேர்வை வடிவமைப்பவர்களே, அடுத்த பாடத்திட்டத் திருத்தத்துக்கு முன் பயிற்றுநர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மதிப்பெண் பட்டியலில் வேகத்துக்குப் பக்கத்தில் திருத்த எண்ணிக்கையையும் அச்சிடுங்கள். இரண்டுக்கும் பெரிய செலவில்லை.