மூட்டுவாயை யார் பார்ப்பது?

பிரதம மந்திரியின் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2024-ஆம் ஆண்டில் இரண்டாம் பிறவி எடுத்தபோது, ஒரு கோடி வீடுகள் என்ற சங்கற்பத்தோடு, நவீன நிர்மாண முறைகளைப் பரப்புவதற்கென்றே ஒரு துணை இயக்கமும் உடன் பிறந்தது. தொழிற்சாலையில் சுவரைப் பலகைகளாக வார்த்து, லாரியில் ஏற்றி, மனையில் நிறுத்திப் பூட்டும் முறையின் உபாசகர்கள் சென்னைப் பெரும்பாக்கத்தைக் காட்டுகிறார்கள்: 2021 ஜனவரி முதல் நாள் அஸ்திவாரம், 2022 மே மாதம் திறப்பு, 1,152 வீடுகள். அந்த வேகத்தை நான் மறுக்கவில்லை. நகர எல்லையைத் தாண்டி நாளை குமரிக் கடலோரத்து இராஜாக்கமங்கலத்துக்கும் வந்தே தீரப்போகும் அந்த வீடு, இங்குள்ள உப்புக் காற்றில் எத்தனை காலம் நிற்கும் என்பதே என் கேள்வி.

உறுப்புகளை முன்னதாகச் செய்து பின்னர் கூட்டுவது மேனாட்டார் அருளிய வித்தை என்று எண்ணுவோர் பத்மநாபபுரம் அரண்மனைவரை ஒருநாள் போய்வரலாம். அங்குள்ளது போன்ற மரக்கூரைக்குத் தச்சன் கழுக்கோல்களை, அதாவது சாய்வு மரங்களை, தரையிலேயே அளந்து, அறுத்து, துளையிட்டு வைத்துக்கொண்ட பிறகே மேலேற்றினான். வரிசையிலுள்ள கழுக்கோல்கள் அனைத்தையும் வளை என்ற ஒரே குறுக்குமரம் ஊடுருவிச் செல்ல வேண்டியிருந்ததால், ஒரு துளை நெல்லிடை விலகினாலும் கூரை கூடாது. அதைவிட முக்கியம், ஒரு கழுக்கோல் உளுத்துப்போனால் அதைமட்டும் கழற்றி வேறொன்றைப் பூட்ட, அவன் பேரனுக்கும் தெரிந்திருந்தது.

இன்றைய பலகை வீட்டில் அந்தப் பேரன் எங்கே? உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்காதிருக்க, கடலோரக் கட்டடத்தில் அதன்மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456-ன் விதி. அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லித் துண்டைச் செருகிவிட்டுப் போகும் நம்மூர் வழக்கத்தைவிட, தொழிற்சாலையின் இரும்பு அச்சு இதை நன்றாகவே காப்பாற்றும். ஆனால் இரண்டு பலகைகள் சந்திக்கும் மூட்டுவாயில் கலவை ஊற்றுவது தொழிற்சாலையன்று, மனையில் நிற்கும் கூலியாள். 1968 மே 16-ல் லண்டனின் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில், ஒரு வீட்டு எரிவாயு வெடித்த மாத்திரத்தில் ஒரு மூலை முழுதும் சரிந்து நால்வர் மாண்டதற்குக் காரணம், பலகையைப் பலகையோடு பிணைத்த மூட்டுகளின் பலவீனமே. இதைச் சொன்னால் சில பொறியாளர்கள் ‘இப்போது நல்ல பசைகள் வந்துவிட்டன’ என்கிறார்கள். பசையை நம்பிக் குடும்பம் நடத்துபவர்கள் அவர்கள் அல்லவே! யந்திரம் வந்தால் கொத்தனாருக்குப் பிழைப்புப் போய்விடும் என்று புலம்பும் மறுசாராருக்கோ பதில் சொல்வதே கால விரயம்.

சுமார் 700 கிலோமீட்டருக்கு அப்பால், சென்னைப் பக்கத்திலிருந்து வந்த சுவரில் ஐந்தாம் வருஷம் மழைநீர் கசிந்தால், இராஜாக்கமங்கலத்துக்காரர் யாரைக் கூப்பிடுவார்? குமரி ஜில்லாவுக்குள்ளேயே ஒரு வார்ப்புக் களம் அமையட்டும். கோணம் தொழிற்பயிற்சி நிலையத்தில் மூட்டுவாய் வேலைக்கென்று ஒரு வகுப்பு நடக்கட்டும். பழுதுபார்க்கும் பொறுப்பு ஒப்பந்தத்திலேயே எழுதப்படட்டும். அதுவரை ஒரு சுவர்ப் பலகைகூட ஜில்லாவின் வாசலான ஆரல்வாய்மொழியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது.