கதை வடக்கது, சொல் தமிழது

பிறமொழிக் கதையைத் தன்மொழியில் ஆக்குவோன் இருவகைக் கடன் உடையவன். கதைக்குப் பழுது வாராமற் காத்தல் ஒன்று. தன்மொழிக்குப் பழுது வாராமற் காத்தல் மற்றொன்று. முன்னதைச் செய்வார் பலர். பின்னதைச் செய்வார் சிலரே.

வடகிழக்கே அசாம் நாட்டில், 14ஆம் நூற்றாண்டில், கச்சாரி அரசன் மகாமாணிக்கன் வேண்ட, மாதவ கந்தளி என்னும் பாவலர் வான்மீகியின் இராமகதையை மக்கள் மொழியிற் பாடினார். இடையிலுள்ள ஐந்து காண்டங்களே எஞ்சின. முதலும் முடிவும் பின்னாளில் மாதவதேவராலும் சங்கரதேவராலும் நிரப்பப்பெற்றன. துளசிதாசர்க்கு முற்பட்ட அம்முயற்சி போற்றற்குரியதே.

தமிழிலோ இப்பணி அதனினும் பன்னூறாண்டு பழைமையது. தெள்ளாற்றில் வென்ற நந்திவர்மன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், பெருந்தேவனார் பாரதத்தை வெண்பாவில் யாத்தார். பாண்டியர் பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையிற் சங்கம் வைத்ததையும் சின்னமனூர்ச் செப்பேடு ஒருங்கே கூறுகின்றது. மொழிபெயர்ப்பும் மொழிக்காப்பும் ஒரு கையின் இருவேலை என முன்னோர் கருதினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வடசொல்லை ஏற்க நேரின், வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் அமைத்தே ஏற்க வேண்டும் என்பது தொல்காப்பிய நெறி. பதினாயிரம் பாடல் பாடிய கம்பர் அந்நெறியினின்று வழுவினாரல்லர். வீடணன், இலக்குவன், அனுமன் எனப் பெயர்களும் அவர் நாவில் தமிழாயின. பின்வந்த வில்லிபுத்தூரார் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் பாரதம் பாடினார். ஓசை நயத்தில் அவர் குறைந்தவரல்லர். எழுத்து நெறியும் காத்தார். ஆயினும் வடசொற்றொடர்களை வரைவின்றிப் பெய்தமையால் சொல்நெறி தளர்ந்தது. இருவர்க்கும் கதை வடக்கினின்று வந்ததே, வேறுபட்டது சொல்லாட்சியே.

கம்பர் நூலை எரிக்க வேண்டுமா என்று 1943இல் பெரும் சொற்போர் நிகழ்ந்தது. சேலத்தில் அறிஞர் அண்ணாவை எதிர்த்து நின்றவர் மதுரைப் பசுமலையில் வாழ்ந்த நாவலர் சோமசுந்தர பாரதியார். கம்பர் கதையின் கருத்தை மறுப்பார் மறுக்கட்டும். அவர்தம் சொல்லாட்சியைக் கல்லாது விடுதல் தமிழர்க்கே இழப்பாம்.

சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் உள்ளது. அதே மதுரையில் 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கமும் உள்ளது. ஆயினும் கடைத்தெருவிற் பெயர்ப்பலகைகளைப் படித்துச் செல்வோர் காண்பது தமிழெழுத்தில் எழுதிய ஆங்கிலமே. அறிவியல் நூலைப் பெயர்ப்போரும் “தமிழிற் சொல்லில்லை” என்கின்றனர். சொல் இல்லாமையன்று, தேடாமையே குறை.

மொழிபெயர்ப்போர் கொள்ளத்தக்க வழி மூன்று: உள்ள தமிழ்ச்சொல்லைத் தேடுக, இல்லையேல் வேர்கண்டு ஆக்குக, அதுவும் இயலாவிடத்துப் பிறசொல்லைத் தமிழொலிக்கு அடக்கி ஏற்க. மூன்றாவதை முதலாவதாக்குவோர் தமிழை வளர்ப்பவராகார். பெருங்காப்பியத்தையே தாங்கிய மொழி ஒரு பொறியின் பெயரைத் தாங்காது என்பது எவ்வாறு பொருந்தும்?