சிட்னி என்னும் தொண்டைமான்
சிட்னி என்பது ஆங்கிலேயரிடையே முதலில் குடும்பப் பெயராக, அதாவது தலைமுறைதோறும் தொடரும் வழிப்பெயராக இருந்து, 19ஆம் நூற்றாண்டில் ஆண்பிள்ளைகளுக்கு இடும் பெயராகப் பரவி, இன்று பழம்பாணியாகிவிட்டது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானுக்கும், 1915இல் அவர் மணந்த ஆஸ்திரேலியப் பெண் மோலி ஃபிங்குக்கும் 1916இல் சிட்னி நகரில் பிறந்த மகனுக்கு மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் எனப் பெயரிட்டபோது, தந்தையின் பெயர், பிறந்த ஊர், குலப்பட்டம் மூன்றும் அதில் அடங்கின. அந்நகரமோ 1788இல் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சராயிருந்த சிட்னி பிரபுவின் பெயரைப் பெற்றது. அவ்வமைச்சரின் பட்டப்பெயரைச் சுமந்த பிள்ளைக்கே பிரிட்டிஷ் அரசு வாரிசுரிமையை மறுத்தது விந்தைதான். 1928இல் மன்னர் மறைந்ததும், அம்மகனுக்குப் பதிலாக, அதே குலத்தின் ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானுக்கு அரியணை கிடைத்தது.