தலைவர் படம் இல்லாத சுவரொட்டி

மதுரைக்காரர்களுக்குச் சுவரொட்டியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, புதுப்பட ரிலீஸ் எல்லாவற்றுக்கும் சுவர்தான். கீழக்குயில்குடியிலிருந்து டவுனுக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியே ஒன்று விடாமல் படித்துக்கொண்டே போவது என் பொழுதுபோக்கு. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. முப்பது வருஷம் கோப்பு தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், பசைவாளிக்கு முன்னால் எந்தச் சட்டமும் நிற்காது.

ஆனால் ஒரே ஒரு வகைச் சுவரொட்டி பற்றி எனக்கு நெடுநாள் மனக்குறை உண்டு. 2008 கடைசியிலும் 2009-லும் ஈழத்தில் போரை நிறுத்தச் சொல்லி நம் ஊர்ச் சுவர்களில் ஒட்டினார்களே, அவை. கோபம் பொய்யில்லை. 2009 ஜனவரி 29 அன்று சென்னை சாஸ்திரி பவன் வாசலில் முத்துக்குமார் என்ற இளைஞர் தீக்குளித்து உயிரை விட்டார். அப்படிப்பட்ட நாட்கள். ஆனாலும் நான் பார்த்த பல சுவரொட்டிகளில் தலைவர் முகம் முழங்கை நீளம், செத்துக் கிடக்கும் குழந்தை தபால்தலை அளவு. கீழே வரிசையாக வட்டம், ஒன்றியம், கிளை. யாருக்காக ஒட்டினார்கள்?

ஜெர்மனியில் கேத்தே கோல்விட்ஸ் என்று ஓர் ஓவியர் இருந்தார். முதல் உலகப்போர் மூண்டதும் அவருடைய மகன் பீட்டர் பட்டாளத்தில் சேரத் துடித்தான். வயது பதினெட்டு, அப்பாவின் சம்மதம் வேண்டும். அப்பா மறுத்தார், அம்மாதான் பேசி இணங்க வைத்தார். அந்த அக்டோபரிலேயே பெல்ஜியத்தில் அவன் செத்துப்போனான். அந்தத் தாய் 1924-ல் வரைந்ததுதான் ‘இனி ஒருபோதும் போர் வேண்டாம்’ சுவரொட்டி. கையை உயர்த்திச் சத்தியம் செய்யும் ஓர் இளம் உருவம், கரிக்கோடு, கையெழுத்திலேயே வாசகம். அவ்வளவுதான். போர் நின்றதா? இல்லை. சித்தப்பா பெயரையே வைத்திருந்த பேரனும் 1942-ல் ரஷ்யப் போர்முனையில் மாண்டான். அப்படியும் அந்தப் படத்தைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. பெற்றவள் கை அது.

எல்லாச் சமாதானப் படங்களும் இவ்வளவு சுத்தம் என்று நம்பிவிடவும் கூடாது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் ஆகையால் பிக்காசோவின் புறா எனக்குப் பழக்கம். 1949 ஏப்ரலில் பாரிஸில் நடந்த சமாதான மாநாட்டுக்காக அது சுவரேறியது. மாதிரிக்கு இருந்த பறவை, ஓவியர் மத்தீஸ் கொடுத்தது. அடுத்த வருஷமே எதிர்த்தரப்பு அந்தப் புறாவை டாங்கியாக வரைந்து, ‘பூம் என்று வெடிக்கும் புறா’ என்று ஒட்டியது. விஷமம்தான், ஆனால் 1956-ல் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்தபோது அந்த விஷமத்திலும் உண்மை இருந்தது தெரிந்தது. ஒருவர் குண்டை மட்டும் கண்டித்து இன்னொருவர் குண்டுக்குக் கண்ணை மூடிக்கொள்வது போர் எதிர்ப்பு ஆகாது. நம் ஊருக்கும் இது பொருந்தும்.

அதே சமயத்தில் பிரான்ஸ் சுவர்களில் இன்னொரு பெயர்: ஆன்ரி மர்த்தேன். இந்தோசீனப் போரை நேரில் பார்த்துத் திரும்பிய கடற்படை வாலிபர். அந்தப் போரை எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்ததற்காக 1950-ல் பிடிபட்டு, ஐந்து வருஷத் தண்டனை பெற்றார். விடுதலை செய் என்று ஊரெல்லாம் ஒட்டினார்கள், பிக்காசோ அவர் முகத்தை வரைந்தார். 1953-ல் வெளியே வந்தார். இதைப் படித்தபோது எனக்குப் பெரியப்பா நினைவுதான் வந்தது. அதே காலத்தில் அவர் சைகோனில் பிரெஞ்சு சொல்தா. புதுவையில் அவரைப் போல் எத்தனையோ குடும்பத்தில் உண்டு. அந்த பென்ஷனில்தான் எங்கள் வீட்டில் பலர் படித்தோம், அதனால் பெரிதாக நியாயம் பேச எனக்கு வாய் வராது. அங்கே என்ன பார்த்தார் என்று மட்டும் கடைசிவரை அவர் சொல்லவில்லை.

அந்த மேனாட்டுத் தாள்களை மியூசியத்தில் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். நம் 2009 தாள்களை ஆடும் மாடும் தின்றன, மிச்சத்தின் மேல் பூப்புனித நீராட்டு ஒட்டியாயிற்று. யார் வீட்டுப் பரணிலாவது ஒன்று மடித்துக் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், தலைவர் முகம் இருந்தாலும் பரவாயில்லை.