கடலை விடுங்கோ, படியைப் பாருங்கோ

மின்சார விபத்தில் கை, கால் நான்கையும் இழந்த பிரான்ஸ்காரர் பிலிப் குருவாஸோன் 2010 செப்டெம்பரில் ஆங்கிலக் கால்வாயை 14 மணித்தியாலத்துக்குள் நீந்திக் கடந்தார். 2020இல் இங்கிலாந்தில் 5 வயது டோனி ஹட்ஜெல் செயற்கைக் கால்களோடு 10 கிலோமீற்றர் நடந்து, எவலினா சிறுவர் மருத்துவமனைக்குப் 10 இலட்சம் பவுணுக்கு மேல் சேர்த்தான். கெட்டிக்காரர்தான், மறுக்கேல்ல.

ஆனா, இப்பிடி ஒரு செய்தி வந்தவுடனே எங்கட ஆட்கள் முகநூலில் போடுகிற 'ஊனம் ஒரு தடையே இல்லை' என்ற வசனத்தைக் கண்டால் எங்களுக்கு எரிச்சல்தான் வருது. தடை இருக்கு. சீமெந்தால கட்டி வைச்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்க்க நீந்துகிற ஒருவர், கரையேறி அதே ஆஸ்பத்திரிக்குச் சக்கர நாற்காலியில் போனால் வாசல் படியோடு நிற்க வேண்டியதுதான்.

சட்டம் இல்லாமலா? 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம். 2006இல் அணுகு வசதி ஒழுங்குவிதிகள். அதற்குப் பிறகும் சக்கர நாற்காலியில் இருந்த கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் வரை போய் 2011இல் கட்டளை வாங்க வேண்டியிருந்தது. அதை ஆர் பகிர்ந்தது?

நீந்துவது அவரவர் விருப்பம். நீந்தாதவருக்கும், வீட்டை விட்டு இறங்கவே ஏலாதவருக்கும் அதே வாசல் வேணும்; அதுக்கு அவை ஒரு சாதனையும் காட்டத் தேவையில்லை. அடுத்த முறை நிதி கேட்டு வாறவையிட்ட நாங்கள் கேட்கப்போவது ஒன்றுதான்: காசோலை குடுக்கிற மேடைக்குச் சாய்தளம் இருக்கா?